கணினிக்கு வயர்லெஸ் கேம் கன்ட்ரோலர்: செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வரும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வீட்டுக் கணினியில் விளையாடுகிறவர்களும், அவர்களுக்கு வாங்கித் தரும் பெரியவர்களும் வழக்கமாகக் கேட்பவை இவை. விண்டோஸ் 10, 11 ஓடும் கணினிகளை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறோம்.

கடையில் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

மூன்றைக் கேளுங்கள். கன்ட்ரோலர் எந்த வழியில் கணினியோடு இணைகிறது? கணினி அதை எந்த வகையாக அடையாளம் காண்கிறது? கட்டைவிரலால் நகர்த்தும் ஸ்டிக்குக்கு உள்ளே இருப்பது என்ன சென்சார்? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் கைக்கு அடங்குகிறதா, பைக்கு அடங்குகிறதா என்பதுதான்.

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருப்பவை வேறு: பலவண்ண விளக்கு, டர்போ, இரட்டை அதிர்வு. விளக்கு பேட்டரியைக் குடிக்கும். டர்போவை வாங்கிய வாரத்தோடு மறந்துவிடுவார்கள். அதிர்வு ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு. இவற்றுக்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

ப்ளூடூத் நல்லதா, கூடவே வரும் டாங்கிள் நல்லதா?

கணினியில் விளையாட மட்டும் என்றால் டாங்கிள். பெட்டியிலேயே வரும் அந்தச் சிறிய யூஎஸ்பி துண்டைச் செருகினால் இரண்டு மூன்று நொடியில் இணைந்துவிடும். 'பேரிங்' என்று இரண்டையும் ஜோடி சேர்க்கும் தொல்லை இல்லை, கணினியில் ப்ளூடூத் இருக்கிறதா என்ற கவலையும் இல்லை. தாமதமும் பெரும்பாலும் குறைவு. ஒரே குறை, தொலைந்தால் தீர்ந்தது: பல நிறுவனங்கள் டாங்கிளைத் தனியாக விற்பதில்லை. கன்ட்ரோலரிலேயே டாங்கிளைச் செருகி வைக்கக் குழி இருக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள்.

அதே கன்ட்ரோலரை மொபைலிலும் டேப்லெட்டிலும் பயன்படுத்துவதாக இருந்தால் ப்ளூடூத்தும் வேண்டும். இரண்டும் உள்ள மாடல்கள் இப்போது நடுத்தர விலையிலேயே வருகின்றன. பக்கவாட்டிலோ பின்புறமோ ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கணினிக்கு டாங்கிள் பக்கம், மொபைலுக்கு ப்ளூடூத் பக்கம் தள்ள வேண்டியதுதான்.

டாங்கிளும் ப்ளூடூத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன. வீட்டு வைஃபையும் அதில் இருந்தால் நெரிசல். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் கணினியை அதற்கு மாற்றிவிடுங்கள். அல்லது கணினிக்கு நேரே கேபிள் இழுத்துவிடுங்கள். விளையாட்டு நடுவே ஸ்டிக் விக்கித் திக்குவதற்கு இந்த நெரிசல் ஒரு முக்கியக் காரணம்.

'எக்ஸ்இன்புட்' என்று போட்டிருக்கிறார்களே, அது எதற்கு?

விண்டோஸ் விளையாட்டுகள் கன்ட்ரோலரோடு பேச இரண்டு முறைகள் உண்டு. பழையது டைரக்ட்இன்புட். எக்ஸ்பாக்ஸ் 360 வந்த 2005இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது எக்ஸ்இன்புட். இன்று வரும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இரண்டாவதையே எதிர்பார்க்கின்றன. அதனால் கன்ட்ரோலர் 'எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர்' என்று கணினிக்குத் தெரிந்தால் பாதிச் சிக்கல் இல்லை. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் அந்தப் பெயரில் தெரியலாம். அதைப் பார்த்துப் போலி என்று பயப்பட வேண்டாம்.

பல கன்ட்ரோலர்களில் முறையை மாற்ற ஒரு பட்டன் சேர்க்கை உண்டு. எய்ட்பிட்டூ நிறுவனத்தின் எஸ்என்30 ப்ரோவில் ஸ்டார்ட்டோடு எக்ஸ் அழுத்தி ஆன் செய்தால் விண்டோஸ், பி என்றால் ஆண்ட்ராய்டு, ஒய் என்றால் ஸ்விட்ச், ஏ என்றால் மாக். மற்றவற்றில் நடுவிலுள்ள ஹோம் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் முறை மாறும். தெரியாமல் அழுத்திவிட்டு, 'நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை' என்று வருகிறவர்கள் நிறைய. குறிப்புத்தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், அல்லது மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

எங்கள் டெஸ்க்டாப்பில் ப்ளூடூத் இருக்கிறது என்கிறது. ஆனால் ஒரு முழம் தள்ளிப் போனால் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஏன்?

கணினிப் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள். பித்தளை நிறத்தில் இரண்டு திருகுமுனைகள் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தால் காரணம் அதுதான். மதர்போர்டின் வைஃபையும் ப்ளூடூத்தும் அந்த ஆன்டெனா வழியாகத்தான் பேசுகின்றன. கணினி சேர்த்துக் கொடுத்தவர் ஆன்டெனாவை மதர்போர்டு பெட்டியிலேயே விட்டிருப்பார். தேடி எடுத்து இரண்டையும் திருகுங்கள்.

ப்ளூடூத்தே இல்லாத கணினிக்குத் தனி அடாப்டர் வாங்கினால் ப்ளூடூத் 5.0 அல்லது அதற்கு மேற்பட்டது. 200 ரூபாய்க்குள் கிடைக்கும் பழைய 4.0 துண்டுகளில் நகல் சிப் நிறைய. ஹெட்போனுக்கு ஓடும், கன்ட்ரோலருக்கு இழுக்கும். விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ப்ளூடூத் அடாப்டரைத்தான் ஏற்கும். பழையது உள்ளே இருந்தால் டிவைஸ் மேனேஜரில் அதை முடக்கிவிட்டுப் புதியதைச் செருகுங்கள்.

கணினி முகப்பு அறையில், பெரிய டிவி உள்ளே வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதி). அங்கிருந்து விளையாட முடியுமா?

பெட்டியில் 10 மீட்டர் என்று போட்டிருப்பது குறுக்கே எதுவும் இல்லாத இடத்துக்கு. செட்டிநாட்டு வீட்டின் தடித்த செங்கல் சுண்ணாம்புச் சுவர் வேறு கணக்கு. ஒரு சுவரைத் தாண்டினால் தடுமாறும்; முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு என்றால் மறந்துவிடுங்கள். தேக்குத் தூணும் கதவும் அவ்வளவாகத் தடுக்காது. இரும்புப் பெட்டகமும் பீரோவும் தடுக்கும். மனித உடம்பே இந்த அலையை உறிஞ்சும். கணினியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்து உட்கார்ந்தால் உங்கள் உடம்பே சுவர்.

செய்யக்கூடியவை மூன்று, செலவு ஏறும் வரிசையில்:

முதலாவது, டாங்கிளைக் கணினியின் பின்புறத்திலிருந்து எடுத்து, யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளின் முனையில் பொருத்தி, உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். ஒரு மீட்டர் கேபிளே பெரிய மாற்றம் தரும். 3 மீட்டர் வரை சாதாரண யூஎஸ்பி 2.0 கேபிள் போதும். அதற்கு மேல் போனால் நடுவே மின்னணுப் பகுதி உள்ள ஆக்டிவ் கேபிள் வேண்டும். கதவுநிலை ஓரமாக இழுத்து வளவுக்குள் கொண்டுவந்துவிட்டால் சுவர்ப் பிரச்சினை தீர்ந்தது.

டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் செருகாதீர்கள், குறிப்பாகப் பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் ஓடும்போது. யூஎஸ்பி 3.0 இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் விழும் என்பதை இன்டெல் 2012இலேயே எழுதியிருக்கிறது. கறுப்புத் துளை கன்ட்ரோலர் டாங்கிளுக்கு நல்லது.

இரண்டாவது, கணினியையே டிவி பக்கம் நகர்த்துவது. லேப்டாப் என்றால் இதைவிட எளிய வழி கிடையாது. ஒரு எச்டிஎம்ஐ கேபிள் போதும்.

மூன்றாவது, கணினி இருக்கும் இடத்திலேயே இருக்க, படத்தை மட்டும் டிவிக்கு அனுப்புவது. ஆண்ட்ராய்டு டிவியில் ஸ்டீம் லிங்க் அல்லது மூன்லைட் செயலியைப் போட்டு, கன்ட்ரோலரை டிவியோடு ப்ளூடூத்தில் இணைக்கலாம். இதற்கு வீட்டு நெட்வொர்க் உறுதியாக இருக்க வேண்டும். அந்தச் சுவர்கள் வைஃபையையும் விடாது என்பதால் ரவுட்டரிலிருந்து இரண்டு பக்கமும் கேபிள் போடுவதுதான் நிம்மதி.

வயர்லெஸ் என்றால் தாமதம் வராதா? 1000 ஹெர்ட்ஸ் வாங்கலாமா?

கன்ட்ரோலர் நொடிக்கு 125 முறை தகவல் அனுப்பினால் இடைவெளி 8 மில்லிநொடி. 250 முறை என்றால் 4. 1000 முறை என்றால் 1. நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃப்ரேமே 16.7 மில்லிநொடி. அதனால் கிரிக்கெட், ஃபுட்பால், கதை விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு 250க்கும் 1000க்கும் வித்தியாசம் கைக்குத் தெரியாது. டெக்கன் 8 போன்ற சண்டை விளையாட்டைப் போட்டிக்காக ஆடுகிறவர் வேண்டுமானால் யோசிக்கலாம். சில மாடல்களில் அந்த 1000 ஹெர்ட்ஸ், கேபிள் செருகினால் மட்டும்தான். சிறிய எழுத்தையும் படியுங்கள்.

தாமதம் உண்மையிலேயே உறுத்தினால் கன்ட்ரோலரைச் சந்தேகிக்குமுன் டிவியைப் பாருங்கள். படத்தை மெருகேற்றும் வேலையில் டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் கன்ட்ரோலருடையதைவிடப் பல மடங்கு இருக்கும். டிவி மெனுவில் 'கேம் மோட்' போட்டால் பெரும்பாலும் அதோடு தீரும்.

ஹால் எஃபெக்ட் ஸ்டிக் என்கிறார்கள். அவசியமா?

மூவாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிறீர்கள் என்றால் அவசியம் என்றே சொல்வோம்.

சாதாரண ஸ்டிக்கில் கார்பன் பூசிய தடத்தின்மேல் ஓர் உலோக நாக்கு உரசிக்கொண்டே இருக்கும். மாதக்கணக்கில் உரசத் தடம் தேயும்; தூசி புகுந்தால் இன்னும் சீக்கிரம். செம்மண் தூசிக்கு இங்கே பஞ்சமில்லை. தேய்ந்த பிறகு ஸ்டிக்கைத் தொடாமலே திரையில் ஆள் நடக்கத் தொடங்குவான். இதைத்தான் 'ட்ரிஃப்ட்' என்கிறார்கள். ஹால் எஃபெக்டில் உரசல் கிடையாது. காந்தம் நகர்வதைச் சென்சார் உணர்கிறது. புதிதான நுட்பமும் அல்ல: 1998இல் வந்த சேகா டிரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே இருந்தது. இப்போது டிஎம்ஆர் என்ற இன்னொரு காந்த வகையும் வருகிறது. மின்சாரம் குறைவாக எடுக்கும், பயன் ஏறக்குறைய ஒன்றுதான்.

காந்த ஸ்டிக் என்றால் வாழ்நாள் முழுக்கக் கோளாறே வராது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளே நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் தளரலாம், அளவீடு தவறலாம். ஆனால் தேய்மானம் என்ற முதல் எதிரி இல்லை. சில மாடல்களில் ஆள்காட்டி விரலால் அழுத்தும் ட்ரிக்கர் மட்டும் ஹால், ஸ்டிக் பழைய வகை. 'ஹால் எஃபெக்ட்' என்ற சொல் பெட்டியில் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள்.

வேடிக்கை என்னவென்றால், விலை கூடிய எக்ஸ்பாக்ஸ், டூயல்சென்ஸ் (பிளேஸ்டேஷன் 5உடையது) கன்ட்ரோலர்களின் சாதாரண மாடல்களில் இருப்பது உரசும் வகைதான்.

கார் விளையாட்டில் மெல்ல வேகம் கூட்ட முடியவில்லை, பட்டென்று பறக்கிறது. ஏன்?

உங்கள் ட்ரிக்கர் வெறும் சுவிட்ச். அழுத்தினால் முழுதும், விட்டால் ஒன்றுமில்லை. ஃபோர்சா போன்ற கார் விளையாட்டுக்கு அழுத்தும் அளவுக்கேற்ப மாறும் அனலாக் ட்ரிக்கர் வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் விலை கூடியதுதான், ஆனாலும் அதன் ட்ரிக்கர் சுவிட்ச் வகை. சில கன்ட்ரோலர்களில் ட்ரிக்கர் பக்கத்தில் சிறிய தாழ்ப்பாள் இருக்கும். துப்பாக்கி விளையாட்டுக்காக ட்ரிக்கர் தூரத்தைக் குறைப்பது. அது மூடியிருந்தாலும் இதே குறை வரும். முதலில் அதைத் திறந்து பாருங்கள்.

எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நம் ஊர் பிராண்ட்: எது?

கணினியோடு சண்டை போடாதது எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர். திரையில் தெரியும் ஏ, பி, எக்ஸ், ஒய் கையிலும் அப்படியே இருக்கும். விண்டோஸுக்குத் தனி மென்பொருள் வேண்டாம். பழையதாக வாங்கினால் மாடல் எண்ணைப் பாருங்கள். பேட்டரி மூடிக்குள் ஒட்டியிருக்கும். 1537, 1697 இரண்டிலும் ப்ளூடூத் கிடையாது. 2016இல் வந்த 1708இல் உண்டு. 2020இன் 1914இல் ப்ளூடூத்தோடு யூஎஸ்பி சி துளையும், நடுவே ஷேர் பட்டனும் உண்டு. எண் அழிந்துபோயிருந்தால் எக்ஸ்பாக்ஸ் பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் முகப்போடு ஒரே துண்டாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே துண்டானால் ப்ளூடூத் உள்ளது. மேலிருக்கும் தோள் பட்டன் பகுதியோடு சேர்ந்திருந்தால் இல்லாதது.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரோடு டாங்கிள் வராது. மைக்ரோசாஃப்ட்டின் வயர்லெஸ் அடாப்டரைத் தனியே வாங்க வேண்டும். கன்ட்ரோலரில் செருகும் ஹெட்போன், கன்ட்ரோலர் கேபிளிலோ அந்த அடாப்டரிலோ இணைந்திருந்தால்தான் வேலை செய்யும், ப்ளூடூத்தில் செய்யாது.

டூயல்சென்ஸ் கையில் பிடிக்க அருமை. ட்ரிக்கரின் இறுக்கம் மாறுவது, நுண்ணிய அதிர்வு போன்ற அதன் தனிச் சிறப்புகள் கணினியில் அதற்காக எழுதப்பட்ட விளையாட்டுகளில்தான் வரும், அவற்றிலும் பலவற்றில் கேபிள் செருகினால்தான். அதற்காகவே காசு கொடுப்பவர் இதைத் தெரிந்து கொடுக்க வேண்டும்.

காஸ்மிக் பைட், ரெட்கியர், ஈவோஃபாக்ஸ் போன்ற இந்தியப் பெயர்கள் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறிலிருந்து மூவாயிரம் வரை. இவற்றில் பெயரைவிட மாடல்தான் முக்கியம்: ஒரே பிராண்டில் ஒன்று காந்த ஸ்டிக்கோடும், இன்னொன்று உரசும் ஸ்டிக்கோடும் வரும். எய்ட்பிட்டூ, கேம்சர் இரண்டும் இதற்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் நடுவே நிற்கின்றன. பள்ளிப் பிள்ளைக்கு முதல் கன்ட்ரோலர் என்றால், டாங்கிளும் காந்த ஸ்டிக்கும் அனலாக் ட்ரிக்கரும் உள்ள நடுத்தர மாடலே எங்கள் தேர்வு. ஆறாயிரம் போட்டு வாங்கி, அது தரையில் விழும்போது ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, கன்ட்ரோலருக்குத்தான் ஆகும்.

பிளேஸ்டேஷன் 4இன் 'டூயல்ஷாக் 4' கன்ட்ரோலரைப் புதியதாக 1,500 ரூபாய்க்கு என்று யாராவது விற்றால் அது நகல். நடுவிலுள்ள டச்பேடும், சாய்த்தால் உணரும் சென்சாரும் ஸ்டீமின் (கணினி விளையாட்டுகளை வாங்கி ஆடும் மென்பொருள்) கன்ட்ரோலர் பக்கத்தில் அசைகின்றனவா என்று சோதித்தால் குட்டு வெளிப்படும்.

பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர் ஸ்டீமில் ஓடுகிறது, வேறு விளையாட்டில் ஓடவில்லையே?

ஸ்டீம் நடுவே நின்று மொழிபெயர்க்கிறது. மற்றவை அப்படிச் செய்வதில்லை. வேறு இடத்தில் வாங்கிய விளையாட்டை ஸ்டீமின் 'நான்-ஸ்டீம் கேம்' வழியாகச் சேர்த்து, அங்கிருந்தே திறவுங்கள். அல்லது டிஎஸ்4விண்டோஸ் மென்பொருளைப் போடுங்கள். டூயல்சென்ஸையும் அது ஏற்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடாதீர்கள். ஒரே கன்ட்ரோலர் இரண்டாகத் தெரிந்து, மெனுவில் ஒரு முறை அழுத்தினால் இரண்டு படி தாவும். ப்ளூடூத்தில் இணைக்க டூயல்சென்ஸில் கிரியேட் பட்டனும் பிஎஸ் பட்டனும், டூயல்ஷாக் 4இல் ஷேரும் பிஎஸ்ஸும் சேர்த்துப் பிடித்து, விளக்கு வேகமாக மின்னும்வரை விடாதீர்கள்.

பேட்டரி: உள்ளேயே இருப்பதா, செல் போடுவதா?

வருடம் முழுக்க ஆள் இருக்கும் வீட்டுக்கு உள்ளே இருப்பது வசதி. திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் மட்டும் திறக்கும் வீடானால் செல் போடும் எக்ஸ்பாக்ஸ் வகை நல்லது. லித்தியம் பேட்டரி முற்றிலும் வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம். பூட்டிவிட்டுப் போகுமுன் பாதி சார்ஜில் வைத்து, சுவிட்ச் இருந்தால் அணைத்து, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.

செல் போடும் வகையில் போகுமுன் செல்லைக் கழற்றிவிட வேண்டும். ஆல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்தால், பஞ்சில் சில துளி வினிகர் தொட்டுத் துடைத்து, காயவிட்டுப் பிறகு புதிய செல் போடுங்கள்.

இரண்டு டபுள் ஏ செல்லில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் 40 மணி நேரம்வரை ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. 2000 மில்லி ஆம்பியர் நிக்கல் ரீசார்ஜ் செல் நான்கு வாங்கி, இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில் என்று சுழற்றினால் செலவு அடங்கும். யூஎஸ்பி கேபிள் செருகினால் அந்தச் செல்கள் தானாக சார்ஜ் ஆகாது. தனிச் சார்ஜர் வேண்டும். டூயல்சென்ஸின் உள் பேட்டரி 1560 மில்லி ஆம்பியர்; பத்து மணி நேரத்துக்குள் கேபிளைத் தேடுவீர்கள்.

கத்திரி வெயிலில் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியத்தை 45 பாகை வெப்பத்துக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. 1953 முதல் மின்வேதியியல் ஆராயும் சிக்ரி இருக்கிற ஊரில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லைதான்.

மொபைல் சார்ஜரில் போட்டால் சார்ஜே ஏறவில்லை. பழுதா?

அநேகமாக இல்லை. இரண்டு முனையும் சி வகையாக உள்ள கேபிளில் போட்டிருப்பீர்கள். மலிவான கன்ட்ரோலர்கள் சிலவற்றில் சி துளையில் இருக்க வேண்டிய இரண்டு சிறிய மின்தடைகள் இருக்காது. எதிரே இருப்பது என்னவென்று சார்ஜருக்குத் தெரியாததால் மின்சாரமே வராது. ஒரு முனை பழைய தட்டையான யூஎஸ்பியாகவும் மறுமுனை சி வகையாகவும் உள்ள கேபிளில் போடுங்கள், ஏறும். கணினித் துளையிலிருந்தே போடலாம். 1000 மில்லி ஆம்பியர் பேட்டரிக்கு மூன்று மணி நேரம் பிடிக்கும்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் சொந்தக்காரரிடம் சொல்லி வாங்கலாமா?

வாங்கலாம். கன்ட்ரோலருக்கு ஊர்ப்பூட்டு எதுவும் கிடையாது. அங்கே வாங்கியது இங்கே அப்படியே ஓடும். வாரண்டிதான் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். பழுதென்றால் அடுத்த முறை வருகிறவர் கையில் திருப்பிக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கும். விலை வித்தியாசம் ஆயிரத்துக்குக் குறைவாக இருந்தால் இங்கேயே வாங்குங்கள். லித்தியம் பேட்டரி உள்ளதைக் கைப்பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். தனியாக உள்ள உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் வைக்க விமான நிறுவனங்கள் விடுவதில்லை.

முன்னோருக்குச் செய்யும் படைப்பு வழிபாட்டுக்கு எல்லாரும் கூடும்போது நான்கு பேர் சேர்ந்து ஆட வேண்டும். எப்படி?

எக்ஸ்இன்புட்டில் உச்சவரம்பே நான்கு கன்ட்ரோலர். அதனால் எண்ணிக்கை சரி. நான்கையும் லேப்டாப்பின் ஒரே ப்ளூடூத்தில் ஏற்றாதீர்கள். இரண்டுக்கு மேல் போனாலே பல லேப்டாப்புகள் திணறும். நான்கு டாங்கிள் கன்ட்ரோலர் என்றால் நான்கு துளை வேண்டும். யூஎஸ்பி 2.0 ஹப் ஒன்று வாங்கி, அதைக் கேபிளில் நீட்டி ஆடுகிறவர்கள் முன்னால் வையுங்கள். ஒன்றிரண்டைக் கேபிளிலேயே ஓடவிட்டால் நெரிசல் இன்னும் குறையும். எல்லாமே எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றால் மைக்ரோசாஃப்ட் அடாப்டர் ஒன்று போதும். அது எட்டு வரை தாங்கும்.

ஒரே மாதிரி நான்கு இருந்தால் எது யாருடையது என்ற சண்டை வரும். டாங்கிளிலும் கன்ட்ரோலரிலும் ஒரே நிற நூலோ ஒட்டுத்தாளோ போட்டு ஜோடி சேர்த்து வையுங்கள். ஒன்றின் டாங்கிள் இன்னொன்றுக்குப் பேசாது.

கடையிலோ, பார்சல் வந்த அன்றோ என்ன சோதிக்க வேண்டும்?

காரைக்குடிக் கடையானாலும் மதுரை, திருச்சிக் கடையானாலும் லேப்டாப்பைக் கையோடு கொண்டுபோங்கள். மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். விண்டோஸ் கீயும் ஆர் (R) கீயும் சேர்த்து அழுத்தி, ஆங்கிலத்தில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று தட்டினால் சோதனைப் பலகை திறக்கும்.

ஸ்டிக்கை விட்டதும் கூட்டல் குறி நடுவுக்கு வந்து நிற்க வேண்டும். நான்கு பக்கமும் தள்ளித் தள்ளிப் பத்துப் பதினைந்து முறை பாருங்கள். மெதுவாக வட்டமாகச் சுற்றும்போது குறி தாவாமல் வர வேண்டும். ட்ரிக்கரை மெல்ல அழுத்தினால் கோடு மெல்ல நகர வேண்டும். ஒரே தாவலாகப் போனால் சுவிட்ச் வகை. இரண்டு ட்ரிக்கரையும் சேர்த்து அழுத்தும்போது கோடு நடுவுக்கே திரும்புவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தப் பழைய பலகை இரண்டையும் ஒரே கோட்டில் கூட்டிக் கழித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். திசைப் பட்டனில் மேல் பக்கத்தை மட்டும் அழுத்தும்போது பக்கவாட்டும் சேர்ந்து விழுகிறதா என்றும் பாருங்கள். மலிவு கன்ட்ரோலரில் அடிக்கடி வரும் குறை இது.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

ட்ரிஃப்ட் வந்துவிட்டது. இனி என்ன?

விலை குறைந்த வழியிலிருந்து தொடங்குங்கள். நிறுவனத்தின் மென்பொருளிலோ பட்டன் சேர்க்கையிலோ அளவீட்டை மறுபடி செய்யுங்கள். போதாவிட்டால் ஸ்டீமிலோ விளையாட்டு அமைப்பிலோ 'டெட்ஸோன்' (ஸ்டிக்கின் எவ்வளவு சிறிய அசைவைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற அளவு) 5இலிருந்து 10 சதவீதம் வரை கூட்டுங்கள். சிறிய ஆட்டம் மறைந்துவிடும், குறி பார்க்கும் நுணுக்கம் சற்றுக் குறையும். அடுத்து, கன்ட்ரோலரை அணைத்து, ஸ்டிக்கைச் சாய்த்து, அடியில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டுச் சுழற்றி, அரை மணி நேரம் காயவிடுங்கள். தூசிதான் காரணம் என்றால் தெளியும்; தேய்மானம் என்றால் சில நாளில் திரும்ப வரும். தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 எதையும் விடாதீர்கள்.

கடைசி வழி ஸ்டிக் பகுதியை மாற்றுவது. வழக்கமான பகுதிக்கு 14 சாலிடர் புள்ளிகள்; எல்லாவற்றையும் உருக்கி எடுத்தால்தான் வெளியே வரும். மொபைல் பழுதுபார்ப்பவர்களில் கை தேர்ந்தவர் செய்வார். மலிவு கன்ட்ரோலருக்குக் கூலியோடு சேர்த்துப் பார்த்தால் புதியதே வாங்கிவிடலாம்.

பலகாரம் தின்ற கையோடு ஆடுகிறார்கள். என்ன செய்ய?

தேன்குழலும் சீப்புச் சீடையும் தட்டில் இருக்கும்போது தடுக்க யாராலும் ஆகாது. எண்ணெய் பட்டால் ரப்பர் பூச்சு சில மாதத்தில் பிசுபிசுக்கும்; அதனால் ரப்பர் பூசிய பிடியைவிட, பிளாஸ்டிக்கிலேயே சொரசொரப்பு வைத்த பிடியை எடுங்கள். ஆட்டம் முடிந்ததும் சற்றே ஈரமான துணி, பட்டன் இடுக்குக்கு மரப் பல்குச்சி. ஸ்பிரேயை நேரே அடிக்காதீர்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்துவிடுகிறதே?

பேட்டரி சரி என்றால், விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ப்ளூடூத் அடாப்டரையும் யூஎஸ்பி ஹப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து, 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் தொடாமல் வைத்தால் கன்ட்ரோலர் தானே உறங்குவது இயல்பு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் என்றால் எக்ஸ்பாக்ஸ் அக்சஸரீஸ் செயலியில் கேபிள் செருகி ஃபர்ம்வேரையும் (கன்ட்ரோலருக்குள் இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். ப்ளூடூத் அறுபடுவது பல முறை அதோடு நிற்கும்.

எந்த விளையாட்டுக்கு வாங்கவே வேண்டாம்?

கணினியில் வாலரன்ட் மட்டும்தான் ஆடுவேன் என்றால் வேண்டாம். அதில் கன்ட்ரோலருக்கு இடமே இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற படைநகர்த்தும் விளையாட்டுக்கு மவுஸ்தான் கை. கார், ஃபுட்பால், சண்டை, தாவி ஓடுவது, மூன்றாம் ஆள் பார்வையில் நடக்கும் கதை விளையாட்டு: இவற்றுக்குக் கன்ட்ரோலர் இல்லாமல் பாதிச் சுவைதான்.

மாக், லினக்ஸ்?

மாக்கில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரும் டூயல்சென்ஸும் ப்ளூடூத்தில் நேரே இணையும். டாங்கிள் மட்டும் உள்ள கன்ட்ரோலரை மாக்குக்கு வாங்க வேண்டாம். லினக்ஸில் எக்ஸ்இன்புட் டாங்கிள்கள் பெரும்பாலும் கெர்னலின் எக்ஸ்பேட் டிரைவரிலேயே ஓடிவிடும். டூயல்சென்ஸுக்குக் கெர்னல் 5.12 முதல் டிரைவர் உள்ளேயே இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் இணைத்து அதிர்வு வரவில்லை என்றால் எக்ஸ்பேட்நியோ டிரைவரைத் தனியாக நிறுவுங்கள்.